சிறு படகும் ஆழத் தூண்டிலும்



தூண்டில் போடுவது நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. கித்தாக் காட்டு வாய்க்காலிலும், பம்பு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையிலும் மூங்கில் கோலை நீட்டி, விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவர்கள்தான் நாம். எங்கள் அப்பா பால் கொட்டிவிட்டு வந்ததும், சாப்பிட்ட கையோடு மண்புழு தோண்டக் கிளம்பிவிடுவார். அந்தப் புழு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய பிள்ளைகள் நானும் என் தம்பியும்.

இப்போது நம் இளைஞர்கள் வாய்க்காலோடு நிற்பதில்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் விசைப்படகை வாடகைக்கு எடுப்பதென்றால் ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கான வெள்ளி வேண்டும். ஆகையால் துடுப்புப் போட்டு ஓட்டுகிற பிளாஸ்டிக் கயாக் படகுகளைப் பழைய விலைக்கு வாங்கி, அதில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். என் தம்பியும் அப்படி ஒன்று வாங்கினான். அவன் செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை செய்கிறவன். இரும்பைக் கண்டால் சும்மா இருக்கமாட்டான்.

இந்தச் சிறு படகில் இருந்தபடியே ஆழத்தில் திரியும் மீனைப் பிடிக்க உதவும் ஒரு கருவியையும், அதைப் படகில் பொருத்துவதற்கான தாங்கியை வீட்டிலேயே செய்யும் முறையையும் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் கருவி எதற்கு என்று பார்ப்போம். படகு நிற்கும்போது தூண்டில் கயிறு நேராகக் கீழே இறங்கும். படகு நகரத் தொடங்கியதும் தண்ணீர் கயிற்றைப் பின்னுக்குத் தள்ளும். இரையும் மேலே எழும்பி வந்துவிடும். ஓடுகிற படகுக்குப் பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போய்த் தெங்கிரி போன்ற மீன்களைப் பிடிப்பதுண்டு. ஆனால் மீன் பத்து மீட்டர் ஆழத்தில் இருக்க, இரை இரண்டு மீட்டர் ஆழத்தில் நீந்தினால் என்ன பயன்? தூண்டில் கயிற்றிலேயே பெரிய ஈயக் குண்டைக் கட்டினால் இரை கீழே போகும், உண்மைதான். பிறகு மீன் மாட்டினால் மீனோடு அந்தக் குண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். மீனின் துள்ளல் கைக்குத் தெரியாது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி எளிமையானது. எடைக்குண்டுக்கென்று தனிக் கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு கவ்வி. தூண்டில் நரம்பைக் கவ்வியில் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். மீன் கடித்து இழுத்தால் கவ்வி நரம்பை விட்டுவிடும். அப்புறம் உங்கள் கையிலிருக்கும் கோலுக்கும் மீனுக்கும்தான் வழக்கு. குண்டு குறுக்கே வராது. இந்தக் கருவியை 'டவுன்ரிக்கர்' என்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அதற்குக் 'கீழிறக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் கருவி பெயர் பெற்றது வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1966ஆம் ஆண்டு கோஹோ என்னும் சால்மன் மீன் குஞ்சுகளை ஆறுகளில் விட்டார்கள். அவை மிச்சிகன் ஏரியில் இறங்கிக் கொழுத்து வளர்ந்தன. குளிர்ந்த நீரை விரும்பும் மீன் அது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடானதும் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே இரையைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குக் கீழிறக்கி மிகவும் கைகொடுத்தது. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே, 1967 செப்டம்பர் 23 அன்று, அந்த மீனுக்காகச் சிறு சிறு படகுகளில் போயிருந்தவர்களை ஏரியில் புயல் பிடித்துக்கொண்டது. ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களைக் கவிழ்த்தது காற்றும் அலையும், கருவியன்று. ஆனால் நல்ல மீன் இருக்கிறது என்ற ஆசை சிறு படகை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, என் தம்பி கதைக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு அவன் முதல் தாங்கியைச் செய்தான். பட்டறையில் கேட்டு வாங்கி வந்த 'எல்' வடிவ இரும்பு. அதை வெட்டி, ஒட்டவைத்து, இருக்கைக்குப் பின்னால் படகின் வால் பக்கத்தில் நான்கு பெரிய போல்ட் போட்டு இறுக்கினான். படகின் விளிம்பைத் தாண்டி அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்குக் கை போல ஓர் இரும்புச் சட்டம் வெளியே நீண்டிருந்தது. அதன் நுனியில் கப்பி. கயிறு நல்ல தடித்த நைலான். அதன் அடிமுனையைச் சட்டத்திலேயே முடிச்சுப் போட்டிருந்தான். "யானை கட்டி இழுத்தாலும் வராது, அக்கா" என்றான். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன். நேயர்களே, குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அறிவியல் பாடத்தில் நெம்புகோலை ஆண்டுதோறும் கற்பிக்கிறவள் நான். அந்தச் சட்டத்தைப் பார்த்து எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள், போர்ட்டிக்சன் பக்கம் போனோம். அம்மாவும், நானும், தம்பி மகளும் கரையில் இருந்தோம். தம்பி கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்நாட்களில் நான்கு மீட்டருக்கு மேலேயே ஏறி இறங்கும். போர்ட்டிக்சனில் அவ்வளவு இல்லையென்றாலும், அன்று நீரோட்டம் வேகமாகத்தான் இருந்தது.

குண்டு அடியில் எதிலோ போய் மாட்டிக்கொண்டது. பாறையோ, பழைய வலையோ தெரியவில்லை. படகு நின்றது. ஓட்டம் அதைக் குறுக்கே திருப்பியது. தாங்கி இருந்த பக்கம் சாய்ந்தது. அவன் திரும்பி, பின்னால் கையை நீட்டிக் கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான். அப்படித் திரும்பியதே அவன் உடம்பின் பாரத்தையும் அந்தப் பக்கமே கொண்டுபோய்விட்டது. ஒரு நொடி. படகு கவிழ்ந்தது.

மிதவைச் சட்டை போட்டிருந்தான். அது அம்மாவின் பிடிவாதம். ஆனால் கத்தி பைக்குள் இருந்தது. பை தண்ணீருக்குள் போய்விட்டது. கவிழ்ந்த படகோ கயிற்றில் கட்டுண்டு ஓட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது. நிமிர்த்தவும் முடியவில்லை, விட்டு நீந்தவும் மனமில்லை. கரையில் அவன் மகள் "அப்பா, அப்பா" என்று கத்திய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் விசைப்படகைக் கொண்டுவந்து, பாராங் கத்தியால் ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார். படகு உடனே ஓட்டத்தோடு நகர்ந்தது; இருவருமாக அதைப் புரட்டி நிமிர்த்தினார்கள். தம்பியை ஏற்றிக்கொண்டு வந்து கரையில் விட்டவர், அந்த இரும்புச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கெட்டியாகச் செய்துவிட்டாய்" என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னது பாராட்டு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றினேன். ஐஸ்கிரீம் டப்பா ஒன்று படகு. அதற்குள் மணல் மூட்டை ஒன்று ஆள். டப்பாவின் விளிம்பில் ஓர் அடிக்கோலைக் குறுக்கே ஒட்டி, அதன் நுனியில் நூல் கட்டி, நூலை மெல்லக் கீழே இழுத்தோம். கோல் நீளமாக வெளியே நீண்டிருந்தபோது சுண்டுவிரலால் இழுத்தாலே டப்பா கவிழ்ந்தது. கோலை உள்ளே தள்ளிக் குட்டையாக்கியபோது நன்றாக இழுக்க வேண்டியிருந்தது. இது நான் எதிர்பார்த்த பாடம். எதிர்பாராததை என் தம்பி மகள் சொன்னாள். வீட்டில் என்னை அத்தை என்பவள், வகுப்பில் டீச்சர் என்றுதான் அழைப்பாள். ஒரு தடவை நூல் நைந்து அறுந்துவிட்டது. கவிழப்போன டப்பா தானாக நிமிர்ந்து நின்றது. "டீச்சர், நூல் அறுந்தா படகு நிமிர்ந்துக்குது. அப்போ சீக்கிரமா அறுந்துபோற நூலாவே கட்டலாமே?" என்றாள்.

தாங்கி கெட்டியாக இருக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கெட்டியாக இருக்க வேண்டியது தாங்கியின் அடிப்பகுதி. கயிற்றில் ஓர் இடம், கையில் ஓர் இடம், இவை இரண்டும் படகு கவிழ்வதற்கு முன்பே உடைந்துவிட வேண்டும். எங்கே, எவ்வளவு இழுப்பில் உடைய வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் மின்சாரத்துக்குப் பியூஸ் போடுகிறோமே, அதே கணக்குத்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. கயாக் என்ற சொல்லே பனிநாட்டு இனுயிட் மக்களின் சொல். மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த ஒடுங்கிய படகு அது. அதில் தனியாளாகப் போய், ஈட்டி எறிந்து கடல்நாயை வேட்டையாடினார்கள். ஈட்டியில் கயிறு உண்டு. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டுவதில்லை. காற்று ஊதிய தோல்பை ஒன்றில் கட்டியிருப்பார்கள். ஈட்டி பாய்ந்ததும் அந்தப் பையைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அடிபட்ட மிருகம் பையை இழுத்துக்கொண்டு ஓடும். படகையோ ஆளையோ இழுக்காது. படகைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதன் பலவீனமும் தெரிந்திருந்தது.

இனித் தாங்கி செய்யும் முறைக்கு வருவோம். பென்சிலும் தாளும் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

அடிப்பலகைக்கு நாங்கள் எடுத்தது சமையலறையில் காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ளது. தண்ணீரில் ஊறாது, உப்பில் அரிக்காது, சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம். (என் வீட்டுப் பலகையைத் தம்பி கேட்காமல் எடுத்துப் போய்விட்டான். புதியது வாங்கித் தந்தபிறகே மன்னித்தேன்.) மரம் வேண்டுமென்பவர்கள் படகு கட்டப் பயன்படும் செங்கால் மரத்துண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் மரம் மட்டும் வேண்டாம். மேசை நாற்காலிக்கு அது நல்ல மரந்தான். ஈரத்தில் விட்டால் சீக்கிரம் உளுத்துவிடும்.

பலகையைப் பொருத்தும் இடம் முக்கியம். இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல் கையை நீட்டுங்கள். கை எங்கே படுகிறதோ அங்கேதான் தாங்கி இருக்க வேண்டும். எங்களுக்கு அது வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் அமைந்தது. அதற்கு முன்னால் வைத்தால் துடுப்பு இடிக்கும். வால் பக்கம் வைத்தால் கை எட்டாது. துளை போடுவதற்கு முன், படகின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். போல்ட்டின் அடியில் நட்டைப் பிடிக்கக் கை எட்ட வேண்டும். இந்தப் படகுகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. தவறாகப் போட்ட துளையைப் பசை வைத்து அடைக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகு போல்ட் நான்கு. உள்பக்கம் நட்டுக்கு அடியில் அகலமான வாஷர், வாஷருக்கு மேல் நறுக்குப் பலகையிலிருந்தே வெட்டிய ஒரு துண்டு. அப்போதுதான் இழுப்பு ஓரிடத்தில் விழாமல் பரவும். மேல்பக்கம் பலகைக்கும் படகுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளின் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்தால் தண்ணீர் இறங்காது. மிதமாக இறுக்கினால் போதும். இதுவரை சொன்னது கெட்டியாக இருக்க வேண்டிய பகுதி.

அடுத்தது கை. அலுமினியப் பட்டை ஒன்றை எடுத்து, படகின் விளிம்புக்கு வெளியே பதினைந்து சென்டிமீட்டர் மட்டும் நீளும்படி வைத்தோம். நுனியில் துணிக்கொடிக்குப் போடும் சிறிய கப்பி. இந்தப் பட்டையை அடிப்பலகையில் ஒரே ஒரு போல்ட்டால் பிடித்தோம். அது கதவுக் கீல்போல் முன்னும் பின்னும் திரும்பும். திரும்பாமல் நிறுத்துவதற்குப் பட்டையிலும் பலகையிலும் சேர்ந்தாற்போல் இன்னொரு சிறு துளை போட்டு, அதில் சாத்தே குச்சியைச் செருகினோம். ஆம், நேயர்களே, பசார் மாலாமில் இறைச்சி குத்தித் தருகிறார்களே, அதே மூங்கில் குச்சிதான். ஒரு குச்சி, குண்டை இறக்கும்போதே ஒடிந்தது. இரண்டு குச்சி சேர்த்துச் செருகினால் ஏறக்குறைய ஐந்து கிலோ இழுப்புவரை தாங்கி, பிறகு 'படக்' என்று ஒடிந்தது. ஒடிந்ததும் கை பின்னால் திரும்பிப் படகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தமே எச்சரிக்கை.

மூன்றாவது கயிறு. கப்பி வழியாக வரும் கயிற்றை எங்கும் முடிச்சுப் போடவில்லை. பலகையின் ஓரத்தில் 'வி' வடிவில் ஒரு வெட்டு வெட்டி, கயிற்றை அதில் அழுத்தினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு சுண்டு சுண்டினால் விட்டுவிடும். கயிற்றைச் சுற்றி வைக்கும் பிளாஸ்டிக் வட்டம் மடியில் கிடக்கும். கயிற்றின் கடைசி முனையில் மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்ப் போத்தல். அவசரமென்றால் எல்லாவற்றையும் கடலில் விட்டுவிடலாம், போத்தல் மிதக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். தோல்பைக்குப் பதிலாக நமக்குப் போத்தல், அவ்வளவுதான். மீட்டருக்கு ஒரு வண்ண நூலைக் கயிற்றில் கட்டிவிட்டால் ஆழமும் தெரியும். ஆனால் ஓடும் படகில் கயிறு சாய்ந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பத்து மீட்டர் கயிறு விட்டு, அது முப்பது பாகை சாய்ந்திருந்தால், குண்டு எட்டரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில்தான் இருக்கும்.

கயிற்றுக்கும் குண்டுக்கும் நடுவே அரை மீட்டர் நீளத்துக்கு மெல்லிய நரம்பு. கடையில் வாங்கிய உருளையில் 20 ராத்தல் என்று எழுதியிருந்தது. அதாவது ஒன்பது கிலோ. முடிச்சுப் போட்டுத் தராசில் இழுத்துப் பார்த்தால் ஏழு கிலோவிலேயே அறுந்துவிட்டது. முடிச்சு எப்போதும் நரம்பின் பலத்தைக் குறைக்கும். ஆகையால் உருளையில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே இழுத்துப் பார்ப்பது நல்லது. இந்த மெல்லிய நரம்புக்கு மேலேதான் கவ்வியைக் கட்ட வேண்டும். துணிக்கு மாட்டும் கிளிப்பின் வாயில் டியூப் ரப்பர் ஒட்டினால் அதுவே கவ்வி. நரம்பு அறுந்தாலும் போவது குண்டு மட்டும், கவ்வி தப்பும்.

ஏழு கிலோ என்ற கணக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஓர் ஆற்றுமுகத்தில், தம்பி படகில் உட்கார்ந்திருக்க, படகைக் குறுக்காக நிறுத்திக் கயிற்றின் நடுவே சுருள்வில் தராசைக் கட்டினோம். ஓட்டம் ஏறக்குறைய பதினைந்து கிலோ இழுத்தது. இப்போது கரும்பலகையில் எழுதுவதுபோல் மனத்தில் எழுதிப் பாருங்கள். படகின் நடுவிலிருந்து விளிம்புவரை நாற்பது சென்டிமீட்டர். பழைய கை அறுபது. மொத்தம் நூறு. பதினைந்தை நூறால் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறு. தம்பியின் எடை எழுபது கிலோ. கவிழாமல் இருக்க அவன் மறுபக்கம் இருபத்தொரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்து உட்கார வேண்டும். திடுக்கிட்டவனால் அது ஆகுமா? புதிய கை விளிம்புக்கு வெளியே பதினைந்து; மொத்தம் ஐம்பத்தைந்து. அதை ஏழால் பெருக்கினால் முந்நூற்று எண்பத்தைந்து. ஐந்தரை சென்டிமீட்டர் சாய்ந்தால் போதும். அதற்கு மேல் இழுப்பு ஏறினால் நரம்பு அறுந்துவிடும். அலையும் ஆட்டமும் சேரும்போது கணக்கு இவ்வளவு நேராக இராது. ஆயினும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது பெரிய வித்தியாசமல்லவா?

குண்டைப் பற்றிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு ஆண்கள் ஈயத்தைக் காய்ச்சிக் குண்டு வார்க்கிறேன் என்று அடுப்பங்கரைக்கு வந்தால் விடாதீர்கள். ஈயப் புகையும் தூளும் நஞ்சு. வளரும் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பால் டின்னில் சிமெண்டு வார்க்கலாமே என்பார்கள். வார்க்கலாம். ஆனால் இரண்டு கிலோ சிமெண்டுக் கல் கடல் நீருக்குள் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே எடையாகத்தான் இருக்கும். அது இடம் பெரிதாக அடைத்துக்கொள்வதால் தண்ணீர் அதை அதிகமாகத் தூக்குகிறது. இரண்டு கிலோ இரும்போ ஒன்றே முக்கால் கிலோ எடை காட்டும். ஆகவே பழைய இரும்புத் துண்டே போதும். கேட்டு வாங்குங்கள், ஆலைச் சாமானைக் கேட்காமல் எடுத்துவிட்டுப் பிறகு கிராணியிடம் பதில் சொல்ல வேண்டாம். துருப்பிடித்துக் கடலோடு போனாலும் நமக்கு நட்டமில்லாத பொருள் அது.

கருவி எப்படி இருந்தாலும் கத்தி நெஞ்சில் இருக்க வேண்டும். மிதவைச் சட்டையின் மேலேயே, ஒரு கையால் உருவும்படி, உறையோடு கட்டிக்கொள்ளுங்கள். ஊதல் ஒன்றும் அதே சட்டையில் தொங்கட்டும். கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். 999 என்ற அவசர எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். எந்தக் கரையிலிருந்து போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லாமல் கிளம்பாதீர்கள்.

மலாக்கா நீரிணைப் பக்கம் ஏப்ரல் முதல் நவம்பர்வரை, விடியற்காலையிலோ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வருவது வழக்கம். 'சுமத்ராஸ்' என்றே அதற்குப் பெயர். மேற்கே கருமேகம் கோடு கிழித்தாற்போல் நின்றால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். மீன் பிடிக்க நல்ல நேரம் என்று நாம் நினைக்கும் அதே விடியற்காலைதான் அதற்கும் பிடித்தமான நேரம். கருக்கிருட்டில் மேகம் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் என் தம்பி இப்போது விடிந்த பிறகே, அதுவும் இன்னொரு படகு துணைக்கு வந்தால்தான் இறங்குகிறான்.

புதிய தாங்கியைக் கடலுக்குக் கொண்டுபோகுமுன், இடுப்பளவு தண்ணீரில் வைத்துச் சோதித்தோம். தம்பி படகில் இருக்க, அவனுடைய நண்பர்கள் இருவர் தண்ணீரில் நின்று கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள். பத்துத் தடவை இழுத்ததில் பத்துத் தடவையும் குச்சி ஒடிந்தது. ஏழு தடவை அவன் கயிற்றை வெட்டிலிருந்து சுண்டி விட்டுவிட்டான். மற்ற மூன்று தடவை அவன் கை தாமதித்தது. நரம்பு தானே அறுந்தது. மூன்றாவது முறை அவன் மகள் கரையிலிருந்து கைதட்டினாள். அதற்கு முன்வரை அவள் தண்ணீர்ப் பக்கம் வராமல் பாட்டியின் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

2019ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. குண்டு மறுபடியும் எதிலோ மாட்டிக்கொண்டது. குச்சி ஒடிந்தது. தம்பி கயிற்றைச் சுண்டி, மடியிலிருந்த வட்டத்தையும் போத்தலையும் தண்ணீரில் போட்டுவிட்டு, துடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. ஓட்டம் அடங்கிய பிறகு திரும்பிப் போய்ப் போத்தலைக் கண்டுபிடித்து, கயிற்றை நேர் மேலே நின்று இழுத்தான். நரம்பு அறுந்து குண்டு மட்டும் கீழே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லம்மா. ரெண்டு சாத்தே குச்சி, ஒரு துண்டு இரும்பு" என்றான். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். நடுத்தரமான தெங்கிரி ஒன்று இருந்தது. அன்று அம்மா அதைப் புளி கூட்டிக் குழம்பு வைத்தார்கள். தலை மட்டும் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

அளவுகளைத் திரும்பக் கேட்க விரும்புகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடம் நடத்தும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பேசினும், ஐஸ்கிரீம் டப்பாவும், அடிக்கோலும், நூலும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம்.